நிறம் தொட்ட இடம்

பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களில், பழைய வீடுகள் சிலவற்றின் சுவரில் இத்தாலி நாட்டுத் தோட்டம் ஒன்று மாட்டியிருக்கிறது. வீட்டுக்காரர்களுக்கு அது தாத்தாவின் படம், அம்மாவின் படம், கல்யாணமான புதிதில் பொன்னேரிக்கோ பட்டணத்துக்கோ போய் எடுத்துக்கொண்ட படம். ஆனால் தாத்தாவின் தோளுக்குப் பின்னால் பாருங்கள். வளைந்து இறங்கும் படிக்கட்டு, குட்டைத் தூண்கள் வரிசையாக நிற்கும் கைப்பிடிச் சுவர், அதன் மேல் பூச்சாடி, தூரத்தில் ஊசிபோல் உயர்ந்த மரங்கள், நடுவில் தண்ணீர். ஸ்டூடியோவில் பின்னால் கட்டியிருந்த திரைச்சீலை அது. ஏரியிலும் கடலிலும் வலை போட்டு வாழ்ந்த ஒருவர், வெறுங்காலோடு, யாரோ ஒரு பிரபுவின் நீரூற்றுத் தோட்டத்துக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கிறார்.

இந்தப் படங்களில் பல, கருப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டுப் பிறகு கையால் நிறம் ஏற்றப்பட்டவை. உதட்டில் இலேசான சிவப்பு, நகையில் மஞ்சள், புடவையில் ரோஜா நிறமோ பச்சையோ. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியதால் அவற்றை நான் நின்று பார்த்ததில்லை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரான்சிஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் இத்தாலியத் தோட்டங்களைப் படமெடுத்து, நிறம் தீட்டச் செய்த கண்ணாடித் தகடுகளைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் பக்கத்துச் சுவர்களில் இருப்பது என்னவென்று உறைத்தது. அங்கும் அதே தோட்டம், அதே கைவேலை. ஆனால் நிறம் போய்ச் சேர்ந்த இடம் வேறு. ஒரு படத்தில் கை எதைத் தொட்டது, எதை விட்டது என்பதில்தான் அந்தப் படத்தின் உயிர் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

*

ஜான்ஸ்டன் 1864இல் பிறந்தவர். அமெரிக்காவில் புகைப்படத்தைத் தொழிலாகக் கொண்டு பெயர்பெற்ற முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவர். 1910களிலிருந்து தோட்டங்களைப் படமெடுக்கத் தொடங்கி, ஊர் ஊராகப் போய், இருட்டறையில் விளக்குப் படம் காட்டி உரையாற்றினார். 1925இல் ஐரோப்பா சென்றபோது இத்தாலியின் பழைய மாளிகைத் தோட்டங்களையும் எடுத்துவந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் கண்ணாடித் தகட்டில் கருப்பு வெள்ளைப் படம். அதன் மேல் ஒளி ஊடுருவும் சாயத்தை மெல்லிய தூரிகையால் ஏற்றுவார்கள். அவருடைய தகடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நிறம் தீட்டியவர் கிரேஸ் ஸ்மித் ஆண்டர்சன் என்ற பெண். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தத் தகடுகள் இன்று வாஷிங்டனில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன.

தகட்டில் மயிரிழை அளவு சாயம் கோட்டைத் தாண்டினால், திரையில் அது சாண் அளவு வழிந்து நிற்கும். ஆகவே அது பொறுமையின் வேலை. அந்த வேலை தேவைப்பட்டதற்குக் காரணமும் உண்டு. பழைய புகைப்படத் தகடுகளுக்கு நீல ஒளிதான் நன்றாகத் தெரியும்; பச்சையும் சிவப்பும் அவற்றுக்குக் கிட்டத்தட்ட இருட்டு. வானம் வெறும் வெள்ளையாகிவிடும், மரங்கள் கரித்திட்டாகிவிடும். மனிதனின் முகத்தையோ கோயில் கோபுரத்தையோ இந்தக் குறையோடும் எடுத்துவிடலாம். பச்சையின் பத்து வகையால் ஆன ஒரு தோட்டத்தை எடுத்தால் தோட்டமே காணாமல் போய்விடும். பிற்காலத்தில் தகடுகள் மேம்பட்டு எல்லா நிறங்களின் ஒளியையும் வாங்கத் தொடங்கின. ஆனாலும் அவை திருப்பிக் கொடுத்தது சாம்பல் நிறத்தை மட்டும்தான். 1907இல் லூமியேர் சகோதரர்களின் ஆட்டோகுரோம் தகடு இயற்கை நிறத்திலேயே படம் பிடிக்கும் வழியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கையால் நிறம் இடுவது நிற்கவில்லை. நிறம் இருந்தால் போதும் என்பதைவிட, இந்த நிறம் இங்கே வேண்டும் என்ற ஆசை மனிதர்களுக்குப் பெரிதாக இருந்தது.

அந்தத் தகடுகளில் வரும் தோட்டங்களும் ஆசையின் விளைச்சல்தான். டிவோலியில் உள்ள வில்லா டெஸ்தே, 16ஆம் நூற்றாண்டில் கார்டினல் இப்போலித்தோ டெஸ்தேக்காக பிர்ரோ லிகோரியோ வடிவமைத்தது. ஆற்று நீரைத் திருப்பி மலைச்சரிவில் இறக்கி, இறைக்கும் பொறி எதுவும் இல்லாமல், சரிவின் விசையாலேயே எண்ணற்ற ஊற்றுகள் பீறிடும்படி செய்தார்கள். ஃபுளோரன்ஸ் நகருக்கு வெளியே செட்டிஞானோவில் உள்ள வில்லா காம்பெராயா அளவில் சிறியது. 1896இல் அதை வாங்கிய இளவரசி ஜோவான்னா கீக்கா, பூம்பாத்திகள் இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டிகளை அமைத்து, செதுக்கிய பச்சைச் சுவர்களால் சூழ்ந்தார். இரண்டாம் உலகப் போரில் அந்த மாளிகை எரிந்தது. பிறகு மீட்டுக் கட்டினார்கள்.

ஜான்ஸ்டனின் தோட்டத் தகடுகளில் பெரும்பாலும் மனிதர் இல்லை. நிறமோ எங்கும் பரவியிருக்கும். இலையில், கல்லில், கல்லின் மேல் படிந்த பாசியில், தண்ணீரில் விழுந்த வானத்தில். பார்க்க வந்த அமெரிக்கத் தோட்டச் சங்கத்துப் பெண்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் இப்படி ஒன்றை வளர்க்க வேண்டும் என்று ஏங்க வேண்டும். அதற்காகத்தான் அந்த உழைப்பு. தோட்டத்தின் மேல் காதல், ஆகவே தோட்டத்தின் மேல் நிறம்.

*

அதே தோட்டம் பொன்னேரிப் பக்கத்துப் படங்களுக்கு எப்படி வந்தது? அந்தக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தெரியும்.

குட்டைத் தூண்களை அடுக்கிய அந்தச் சுவர் பழைய ரோமானியர்களுடையதன்று. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர்களின் ஆக்கம். லொரென்சோ தே மெதிச்சிக்காக ஜூலியானோ தா சங்கல்லோ போஜ்ஜோ அ கயானோவில் எழுப்பிய மாளிகையின் மாடிமுற்றத்தைச் சுற்றி அதைக் காணலாம். மலைச்சரிவில் தட்டுத் தட்டாகத் தோட்டம் அமைத்தபோது ஒவ்வொரு தட்டின் விளிம்புக்கும் அது தேவைப்பட்டது. பிறகு ஐரோப்பிய ஓவியர்கள் பிரபுக்களை வரைந்தபோது அந்தச் சுவரின் பக்கத்தில், ஒரு தூணும் மடிப்பு விழுந்த திரையும் சேர்த்து, நிற்கவைத்தார்கள். நிலம் உள்ளவர் என்பதன் அடையாளம் அது.

1854இல் பாரிஸில் திஸ்தேரி என்ற புகைப்படக்காரர் சிறிய அட்டைப் படங்களுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே தகட்டில் பல படங்கள் எடுக்கலாம் என்பதால் விலை விழுந்தது. பிரபுக்களல்லாதவர்களும் படம் எடுத்துக்கொள்ள வந்தார்கள். ஸ்டூடியோக்காரர்கள் ஓவியர்களின் தூணையும் கைப்பிடிச் சுவரையும் மரத்திலும் அட்டையிலும் செய்து வைத்தார்கள். தோட்டத்தைத் துணியில் எழுதித் தொங்கவிட்டார்கள். கேமரா போன இடமெல்லாம் அந்தத் துணியும் கூடவே போனது.

சென்னைக்குக் கேமரா சீக்கிரமே வந்தது. சென்னைப் புகைப்படச் சங்கம் 1856இல் உருவானது. சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக அமர்ந்த லின்னேயஸ் டிரைப் தஞ்சாவூர், மதுரை, ஸ்ரீரங்கம் கோயில்களை 1858இல் எடுத்தார். வெள்ளையாய்ப் போய்விடும் வானத்தை அவர் அப்படியே விடவில்லை. மெழுகிட்ட காகித நெகட்டிவின் மேல் தானே மேகங்களைத் தீட்டினார். மர இலைகளையும் தொட்டுச் சரிசெய்தார். தமிழ்நாட்டின் மிகப் பழைய படங்களிலேயே கை புகுந்துவிட்டது. 'கேமரா பிடித்தது உண்மை, கை சேர்த்தது ஒப்பனை' என்று பிரித்துப் பேசுவது இந்த நிலத்துப் புகைப்பட வரலாற்றின் முதல் பக்கத்துக்கே பொருந்தாது.

20ஆம் நூற்றாண்டில் ஸ்டூடியோ சின்ன ஊர்களுக்கும் வந்தது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். படம் எடுத்துக்கொள்வதற்காக ஒருவர் ஏரியை விட்டு, ஒரு நாள் வருமானத்தை விட்டு, நல்ல துணி உடுத்தி, பஸ் ஏறி வர வேண்டும். வந்து அந்தத் திரைக்கு முன்னால் நிற்க வேண்டும்.

*

நிறம் ஏற்றுகிற வேலை படம் எடுத்த பிறகுதான் தொடங்கும். முதலில் நெகட்டிவில் கூரான பென்சிலால் டச்சிங். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே விழுந்த கருமை, நெற்றிச் சுருக்கம் எல்லாம் அங்கேயே கொஞ்சம் தணியும். பிறகு பளபளப்பில்லாத காகிதத்தில் பிரிண்ட். பளபளப்புக் காகிதத்தில் வண்ணம் ஒட்டாது. கருப்பைப் பழுப்பாக மாற்றிக்கொண்டால் மேலே ஏற்றும் தோல்நிறம் உயிரோடு இருக்கும். எண்ணெய் வண்ணம் என்றால் பஞ்சில் தொட்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும், மிஞ்சியதைத் துடைத்தெடுக்க வேண்டும்; அடியில் உள்ள படத்தின் நிழல் மறையாமல் நிறம் மட்டும் நிற்க வேண்டும். கண்ணோரம், உதடு போன்ற சின்ன இடங்களுக்குக் குச்சியில் சுற்றிய பஞ்சு. நீர்வண்ணம் என்றால் ஒன்று காய்ந்த பின் இன்னொன்றாக மெல்லிய பூச்சுகள். நகை கடைசியில் வரும். மஞ்சள் வைத்து, அதன் மேல் ஊசிமுனை அளவு வெள்ளை வைத்தால் பொன் மின்னும்.

இதற்கெல்லாம் தனிக் காசு. எனவே நிறம் யாருக்கு, எங்கே, எவ்வளவு என்பது முடிவெடுத்துச் செய்த காரியம். படம் எடுத்தவர் ஒருவர், நிறம் போடுபவர் ஒருவர் என்று இருந்த இடங்களில் புடவை என்ன நிறம், கரை என்ன நிறம் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது வழக்கம். பதில் சொன்னவர் பெரும்பாலும் வீட்டுக்காரர். அந்தப் பதிலுக்குள் நினைவும் இருந்தது, விருப்பமும் இருந்தது.

ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் நான் பார்த்த படத்தைச் சொல்கிறேன். சுமார் முக்கால் அடி உயரம். கண்ணாடிக்குள் ஓரங்களில் பழுப்பேறியிருக்கிறது. இளம்பெண் ஒருத்தி நிற்கிறாள். இடது கை, பூச்சாடி வைத்த உயரமான முக்காலியின் மேல். விரல்கள் மரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கின்றன. பின்னால் படிக்கட்டும் கைப்பிடிச் சுவரும் ஊசி மரங்களும். புடவைக்கு ரோஜா நிறம் ஏற்றியிருக்கிறார்கள். இடுப்பு மடிப்பில் அது கொஞ்சம் அடர்ந்து, முந்தானையில் இளகி, ஒரே ஓர் இடத்தில் கோட்டைத் தாண்டி முக்காலியின் காலில் படிந்திருக்கிறது. கம்மலில் மஞ்சள், மூக்குத்தியில் மஞ்சள், நெற்றியில் அழுத்தமான சிவப்பு. பாதங்களுக்கும் தோல்நிறம் ஏற்றியிருக்கிறார்கள். விரலில் மெட்டி தெரிகிறது. மற்ற இடமெல்லாம் சாம்பல். அந்தப் பெரிய தோட்டத்தில் ஒரு இலைக்குக்கூட பச்சை வைக்கவில்லை.

அந்தப் பெண்ணின் மகள், இப்போது மூத்த ஆயா, பக்கத்தில் நின்றிருந்தார். புடவை ரோஜா நிறமா ஆயா என்று கேட்டேன்.

"இல்ல கண்ணு. அன்னிக்குக் கட்டினு போனது பச்ச. ரோசு போடச் சொன்னதே எங்கம்மாதான். அதுக்கு ரோசுன்னா உயிரு. கடசி வரிக்கும் ஒண்ணு வாங்கல."

இதற்கு மேல் அவர் விளக்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இயற்கை நிறத்தில் எடுத்திருந்தால் பச்சைப் புடவை பச்சையாகவே விழுந்திருக்கும். அது சரியான தகவல். இந்தப் படத்தில் இருப்பதோ, வாங்க முடியாமல் போன ஒரு புடவை. அந்தப் பெண் வாழ்நாளில் உடுத்தாததை ஒரு முறை உடுத்தியது இந்தக் காகிதத்தில்தான். உண்மையைவிட ஆசை பெரிது என்று நான் சொல்லவில்லை. ஆசையும் ஒருவருடைய வாழ்க்கையின் உண்மை என்று சொல்கிறேன். அது பதிவாக வேறு இடமே இருக்கவில்லை என்று சொல்கிறேன்.

இறந்தவர்களின் படங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். சுமங்கலியாகப் போன மனைவிக்கு, அவள் இருந்தபோது எடுத்த சிறிய படத்தைப் பெரிதாக்கி, நெற்றியில் குங்குமத்தை அழுத்தமாக வைக்கச் சொல்வார்கள். ஒன்றாக உட்கார்ந்து படமெடுக்க வாய்க்காத கணவன் மனைவியை, இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்குவதும் உண்டு. இருவருக்கும் ஒரே நாளில் தீட்டிய நிறம்தான் அந்த இணைப்பை நம்பவைக்கும்.

*

கையால் நிறம் இடுவது இந்தக் கரைக்குப் புகைப்படம் கொண்டுவந்த பழக்கமன்று. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பழவேற்காடு நிறத்தால் பெயர்பெற்ற துறைமுகம்.

டச்சுக் கிழக்கிந்திய கம்பெனியார் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். பிறகு நாகப்பட்டினத்துக்கு மாறியது. அவர்கள் இங்கே வந்ததே துணிக்காக. சோழமண்டலத் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் கிடைத்தன. பழவேற்காட்டுக் கட்டம்போட்ட துணி ஊர்ப்பெயரோடேயே உலகம் சுற்றியது; 'பளையக்காட்' என்று இன்றும் கைலிக்கு ஒட்டியிருப்பது அந்தப் பெயர்தான். கட்டம்போட்ட துணியோடு, எழுதுகோலால் வரைந்து சாயமேற்றிய கலம்காரித் துணியும் இந்தக் கரையிலிருந்து கப்பல் ஏறியது.

அந்தக் கலம்காரியின் வேலை முறையைப் படித்தால் ஸ்டூடியோ மேசை நினைவுக்கு வரும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் எழுதுவார்கள். கருப்பு வேண்டிய இடத்தில் இரும்புக் கரைசல். கடற்கரை மணலில் விளையும் இம்பூறல் வேரின் சாயத்தில் துணியைக் கொதிக்கவைத்தால், படிகாரம் தொட்ட இடம் மட்டும் சிவப்பாகும், மற்ற இடத்தில் சாயம் நிற்காது. நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். மஞ்சளைக் கடைசியில் கையால் தீட்டுவார்கள். நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்த இடம் பச்சை இலையாகும். எங்கே தொட வேண்டும், எங்கே தொடாமல் காக்க வேண்டும் என்ற அறிவே அந்தக் கலை.

ஐரோப்பியர்கள் தங்களுக்குப் பிடித்த மாதிரிகளைக் கப்பலில் அனுப்பி, இப்படிப் பூ வேண்டும், இப்படிக் கொடி வேண்டும் என்று கேட்டார்கள். இங்குள்ளவர்கள் தாங்கள் கண்ணால் காணாத தோட்டங்களின் பூக்களைத் துணியில் எழுதி, தங்கள் வேரின் சிவப்பை அவற்றுக்கு ஏற்றினார்கள். உள்ளூர் நெசவுக்காரர்கள் அஞ்சும் அளவுக்கு அந்தத் துணி ஐரோப்பாவில் விற்றது. பிரான்ஸ் 1686இல் அதற்குத் தடையே போட்டது. காணாத நாட்டுத் தோட்டத்தைத் துணியில் எழுதிய ஸ்டூடியோத் திரை ஓவியர்கள் அந்தப் பழைய எழுத்துக்காரர்களின் வழியில் வந்தவர்கள் என்று சொல்ல என்னிடம் வம்சாவளி இல்லை. ஒரே கரையில் ஒரே காரியம் இரண்டு முறை நடந்தது என்பது போதும்.

அருங்காட்சியகங்களில் உள்ள அந்தப் பழைய துணிகளில் இலைகள் இன்று நீலமாகத் தெரிகின்றன. கடைசியில் தீட்டிய மஞ்சள் வெளிச்சத்தில் மங்கிப் போய்விட்டது. அடியிலிருந்த அவுரி மட்டும் நிற்கிறது. எங்கள் ஊர்ப் படங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. கடற்கரையின் ஈரமும் புழுக்கமும் அடியில் உள்ள வெள்ளிப் படத்தைத் தின்றுவிடுகின்றன. முகம் மஞ்சள் மூட்டத்துக்குள் கரைய, மேலே கையால் வைத்த பொட்டும் மூக்குத்தியும் உதட்டுச் சிவப்பும் மட்டும் தங்கி நிற்கும் படங்கள் உண்டு. கேமரா எழுதியது அழிந்து, கை எழுதியது மிஞ்சியிருக்கிறது.

*

பழவேற்காட்டைப் பற்றி வெளியுலகம் எடுத்துவைத்த ஆவணங்களில் இந்தப் படங்களுக்கு இடம் கிடைத்ததில்லை. அலெக்சாண்டர் ரியா 1897இல் வெளியிட்ட நூல், சென்னை மாகாணத்தில் டச்சுக் கம்பெனி விட்டுச்சென்ற கட்டடச் சின்னங்களைப் பதிவு செய்தது. பழவேற்காட்டுக் கல்லறைகள் அதில் இருக்கின்றன. வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை இன்றும் பாதுகாக்கிறது. நல்லது, பாதுகாக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே உறங்கும் வணிகர்களின் கல்லுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்காவது, அந்தக் கல்லறையைச் சுற்றி மீன் விற்றும் வலை பின்னியும் வாழ்ந்தவர்களின் முகங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். அவர்கள் தங்கள் காசில் தங்களைத் தாங்களே ஆவணமாக்கிக்கொண்டார்கள். சுவரில் மாட்டியிருப்பது அந்த ஆவணக் காப்பகம்.

கல்வியுலகம் இதைப் பேசாமல் இல்லை. வண்ணம் தீட்டிய இந்தியப் புகைப்படங்களுக்கென்று தனிப் பார்வை முறை உண்டு என்று ஜூடித் மாரா கட்மன் 1982இல் வாதிட்டார். அந்த வாதத்தை மறுத்தவர்களும் உண்டு. கிறிஸ்டோபர் பின்னி 1997இல் வந்த தம் நூலில், மத்திய இந்தியச் சிற்றூர் ஒன்றின் ஸ்டூடியோக்களை ஆராய்ந்து, மக்கள் தாங்கள் யார் என்பதைவிடத் தாங்கள் யாராகக்கூடும் என்பதைக் காட்டவே கேமராவின் முன் வருகிறார்கள் என்ற திசையில் எழுதினார். தமிழ்நாட்டில், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடி மின்னுருவாக்கும் பணியைச் செய்திருக்கிறது. மிகத் தேவையான வேலை அது. ஸ்டூடியோக்கள் மூடப்படும்போது கண்ணாடி நெகட்டிவ்கள் கழுவப்பட்டு வெறும் கண்ணாடியாகின்றன. பிலிம், வெள்ளி எடுப்பவர்களிடம் போகிறது. தலைமுறைகளின் முகங்கள் கிலோக் கணக்கில் நிறுக்கப்படுகின்றன.

எனினும் நெகட்டிவைக் காப்பாற்றினால் படத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஆகாது. நெகட்டிவில் ரோஜா நிறப் புடவை இல்லை. அது சுவரில் தொங்கும் அந்த ஒரே பிரதியில்தான் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு சுனாமி இந்தக் கரையையும் தொட்டது. ஆண்டுதோறும் புயலும் மழையும் வருகின்றன. வீட்டை இடித்துக் கட்டும்போது முதலில் இறங்குவதும் சுவரிலிருக்கும் படம்தான். ஒரு பிரதி போனால் போனதுதான்.

இப்போது வேறொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. அது உதவி செய்யும் முகத்தோடு வருகிறது. பழைய படத்தைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் கறையை நீக்கி, முகத்தைத் தெளிவாக்கி, நொடியில் முழுப் படத்துக்கும் நிறம் போட்டுத் தந்துவிடுகிறது. பேரப்பிள்ளைகள் அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அந்த நிரல் எதற்கு நிறம் போட வேண்டும் என்று யாரிடமும் கேட்பதில்லை. முகத்துக்கும் திரைக்கும், மூக்குத்திக்கும் பூச்சாடிக்கும் ஒரே அளவு அக்கறை. சாம்பலாய் விட்டிருந்த தோட்டத்துக்குப் பச்சை ஏறுகிறது. வழிந்திருந்த ரோஜா நிறம் பிழையென்று துடைக்கப்படுகிறது. புடவைக்கு நிரல் ஊகித்த வேறு நிறம் வருகிறது. படம் முன்னைவிட அழகாகக்கூட இருக்கலாம். அந்தப் பெண் தன் வாயால் சொன்ன சொல் அதில் இராது.

ஜான்ஸ்டனின் தகடுகளில் தோட்டம் முழுக்க நிறம் இருப்பது, தோட்டத்தை நேசித்தவர்கள் அதற்குப் பணமும் நேரமும் கொடுத்ததால். பொன்னேரிப் படத்தில் தோட்டம் சாம்பலாய் இருப்பது, அங்கே கொடுக்க இருந்த சிறிய தொகை முழுவதும் நிற்கும் மனுஷிக்குப் போனதால். பிரபுவின் தோட்டம் பின்னால் இருந்தது, ஆனால் யாரும் அதற்காக ஏங்கவில்லை. மூக்குத்தி பொன்னாகத் தெரிய வேண்டும், பாதம் பாதமாகத் தெரிய வேண்டும், ரோஜா நிறப் புடவை ஒன்று வேண்டும்: கேட்டது அவ்வளவுதான். அந்தச் சாம்பலையும் ஒரு தீர்மானமாகப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆகவே ஊர்ப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நான் கேட்பது செய்யக்கூடிய காரியம்தான். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் உள்ளபடியே படம் பிடித்து வையுங்கள். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் இருக்கலாம். கம்ப்யூட்டர் நிறம் வேண்டுமானால் அதைத் தனிப் பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். வெயிலும் ஈரமும் படாத உட்சுவருக்குப் படத்தை மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் மூத்தவர் ஒருவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, இந்த நிறம் யார் போடச் சொன்னது என்று கேட்டு எழுதி வையுங்கள். டச்சுக்காரர்களின் பெயர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் ஊர்க் கல்லில் நிற்கின்றன. எங்கள் பெண்கள் விரும்பிய நிறங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது நிற்க வேண்டும்.